ஜி-நான்கிழை, இசட்-வடிவம், போலி முடிச்சு: உயிரணுவுக்குள் இவற்றுக்கு உண்மையில் வேலை இருக்கிறதா?

பொருநை எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். முதுகலை உயிர்வேதியியல் மாணவர்களுக்கு நியூக்ளிக் அமிலங்கள் பாடத்தை நடத்தி வருகிறேன். வாட்சன்-கிரிக் இரட்டைச் சுருள் வரையில் பாடம் சிக்கலின்றி நகர்கிறது. அதன் பிறகு இடப்பக்கமாகச் சுழலும் இசட்-டிஎன்ஏ, ஜி-குவாட்ரப்ளெக்ஸ் எனப்படும் நான்கிழை அமைப்பு, மூன்றிழை, சிலுவை வடிவம், சைட்டோசின் மிகுந்த இழை மடிந்து உருவாகும் ஐ-மோட்டிஃப், டிஎன்ஏவின் ஓர் இழையோடு ஆர்என்ஏ இணைந்து மறு இழை விலகி நிற்கும் ஆர்-லூப் என்று ஒரு பட்டியல் வருகிறது. பாடநூல்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு படத்தைப் போட்டுவிட்டு, "மரபணு ஒழுங்குபடுத்தலில் பங்கு வகிக்கக்கூடும்" என்ற ஒரே வாக்கியத்தோடு ஒதுங்கிக்கொள்கின்றன. அந்தக் "கூடும்" என்பதை ஒரு மாணவி விடாமல் பிடித்துக்கொண்டார். சோதனைக் குழாயில் உருவாகிறது என்பது சரி, உயிரணுவுக்குள் உருவாகிறதா, உருவானாலும் அதனால் ஏதேனும் நடக்கிறதா என்பது அவருடைய கேள்வி.

ஜி-நான்கிழையையே எடுத்துக்கொள்வோம். மனித மரபணுத் தொகுப்பில் அது உருவாகத்தக்க இடங்கள் ஏறத்தாழ 3,70,000 என்று 2005-இல் கணினிக் கணக்கு சொன்னது. 2015-இல் வரிசையறிதல் மூலம் செய்த ஆய்வு 7 லட்சத்துக்கும் மேல் என்றது. 2016-இல் உயிரணுக்களின் குரோமாட்டினில் (டிஎன்ஏவும் அதைக் கட்டி வைக்கும் புரதங்களும் சேர்ந்த தொகுப்பு) தேடியபோது கிடைத்தவை ஏறத்தாழ 10,000 மட்டுமே. இவற்றுள் எந்த எண்ணை வகுப்பில் சொல்வது? அதைவிட முக்கியமாக, "கூடும்" என்ற சொல்லை நீக்கிவிட்டு, இந்த வடிவத்துக்கு இன்ன வேலை என்று துணிந்து சொல்லத்தக்க எடுத்துக்காட்டுகள் எவை?

கார்முகில் எழுதியது:

அந்த மூன்று எண்களும் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள் என்பதால் அவற்றை ஒரே தட்டில் வைத்து ஒப்பிட முடியாது. 2005-ஆம் ஆண்டுக் கணக்கு வெறும் எழுத்துத் தேடல்தான். குறைந்தது மூன்று குவானின்கள் கொண்ட தொடர்கள் நான்கு, இடையிடையே ஒன்று முதல் ஏழு காரங்கள் (டிஎன்ஏவின் எழுத்துகள்) என்ற அமைப்பு எங்கெல்லாம் வருகிறதோ அவற்றை அது எண்ணியது. 2015-ஆம் ஆண்டு ஆய்வு தனித்து நிற்கும் டிஎன்ஏ இழையின் இயல்பை அளந்தது. ஒரே இழையை முதலில் சோடியம் உள்ள சூழலில் வரிசையறிந்து, பின்னர் பொட்டாசியமோ நான்கிழையை நிலைப்படுத்தும் சேர்மமோ இருக்கும் சூழலில் மறுபடியும் வரிசையறிந்தார்கள். டிஎன்ஏவை நகலெடுக்கும் பாலிமரேஸ் நொதி, இழை மடிந்த இடத்தில் இடறி நிற்பதால், இரண்டாம் வாசிப்பில் எந்தப் புள்ளியிலிருந்து பிழைகள் திடீரெனக் குவிகின்றனவோ அங்கு நான்கிழை இருக்கிறது என்று பொருள். மூன்றாவது ஆய்வு, புரதங்கள் சுற்றிக் கட்டி வைத்திருக்கும் டிஎன்ஏவில் எதிர்ப்பொருளைக் கொண்டு தேடியது. டிஎன்ஏ சுற்றப்பட்டிருக்கும் புரத உருண்டைகளான நியூக்ளியோசோம்கள் விலகித் திறந்து கிடக்கும் பகுதிகளில், குறிப்பாகச் செயல்படும் மரபணுக்களின் புரோமோட்டர்களில் (ஆர்என்ஏவாகப் படியெடுத்தலைத் தொடங்கி வைக்கும் பகுதிகள்) தான் பெரும்பாலானவை கிடைத்தன. மடியும் தகுதி லட்சக்கணக்கான இடங்களுக்கு உண்டு, மடிவதற்கான வாய்ப்பு சில ஆயிரம் இடங்களுக்கே ஒரு நேரத்தில் அமைகிறது என்று வகுப்பில் சொல்லலாம்.

வேதியியலில் ஐயத்துக்கு இடமே இல்லை. குவானிலிக் அமிலம் கூழாக உறைவதை 1910-லேயே கண்டிருந்தார்கள். அதற்கான காரணத்தை 1962-இல் கெல்லர்ட், லிப்செட், டேவிஸ் ஆகியோர் காட்டினர். நான்கு குவானின்கள் ஹூக்ஸ்டீன் பிணைப்புகளால் (வாட்சன்-கிரிக் முறையிலிருந்து வேறுபட்ட ஹைட்ரஜன் பிணைப்புகள்) ஒரு சதுரமாக இணைகின்றன, அத்தகைய சதுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன, அடுக்குகளின் நடுவே உள்ள குழலில் பொட்டாசியம் அயனி கச்சிதமாகப் பொருந்துகிறது. லித்தியம் அங்கு நிலைப்படுத்தாது. ஆகவே ஓர் அமைப்பு பொட்டாசியத்தில் நிலைத்து லித்தியத்தில் தளர்ந்தால் அது ஜி-நான்கிழை என்பதற்கு நல்ல அடையாளம். உயிரணுவின் உட்புறம் பொட்டாசியம் மிகுந்த இடம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

2013-இல் மனித உயிரணுக்களில் இவற்றை எதிர்ப்பொருளால் ஒளிரச் செய்து காட்டியது கேம்பிரிட்ஜில் சங்கர் பாலசுப்பிரமணியன் குழு. அவர் சென்னையில் பிறந்து, குழந்தையாகவே இங்கிலாந்து சென்றவர். இன்று உலகெங்கும் பயன்படும் ஒரு டிஎன்ஏ வரிசையறியும் முறையை உருவாக்கிய இருவருள் ஒருவரும் அவரே.

உப்பளம் எழுதியது:

கார்முகில் அவர்கள் சொன்ன வேதியியலை நானும் ஏற்கிறேன். என் ஐயம் எதிர்ப்பொருளைப் பற்றியது. நான்கிழையை இறுகப் பற்றும் ஒரு புரதத்தை, வேதிப்பொருளால் நிலைப்படுத்தித் துளையிட்ட உயிரணுவுக்குள் செலுத்தினால், அது அங்கே ஏற்கெனவே இருந்ததைக் கண்டுபிடிக்கிறதா, மடியும் தறுவாயில் இருந்ததை மடித்துப் பிடித்துக்கொள்கிறதா என்று எப்படிப் பிரித்தறிவது? ஐ-மோட்டிஃப் விஷயத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாக எழுந்தது. 2018-இல் சிட்னியில் உருவாக்கிய எதிர்ப்பொருள் ஒன்று மனித உயிரணுக்களில் ஐ-மோட்டிஃப்பைக் காட்டியதாகச் செய்தி வந்தது. 2024-இல் வேறொரு குழு, அதே எதிர்ப்பொருள் மடியாத சைட்டோசின் தொடர்களையும் பற்றுகிறது, மடிந்திருப்பதை அவிழ்க்கவும் செய்கிறது என்று எழுதியது.

ஆர்என்ஏ பக்கத்தில் 2016-இல் குவோ, பார்ட்டல் ஆகிய இருவரும் செய்த ஆய்வை ஆர்வலர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். டைமெத்தில் சல்ஃபேட் என்ற வேதிப்பொருள் குவானினின் 7-ஆம் நைட்ரஜனில் மெத்தில் தொகுதியை ஒட்டும். நான்கிழையில் அந்த நைட்ரஜன் ஹூக்ஸ்டீன் பிணைப்பில் ஈடுபட்டிருப்பதால் அங்கே ஒட்ட முடியாது. உயிருள்ள உயிரணுவில் இந்த வேதிப்பொருளைச் செலுத்தி, ஆர்என்ஏவைப் பிரித்தெடுத்து, பின்னர் பொட்டாசியத்தில் மடிய விட்டார்கள். உயிரணுவுக்குள் மடிந்திருந்தவை மெத்தில் ஒட்டாமல் தப்பியிருக்கும் என்பதால் மறுபடி மடியும், நகலெடுக்கும் நொதி அங்கே தடைபடும். அவிழ்ந்திருந்தவை மெத்தில் ஒட்டிய நிலையில் மறுபடி மடிய இயலாமல் போகும், நொதி தடையின்றிக் கடந்து செல்லும். எலி, ஈஸ்ட் உயிரணுக்களில் ஆயிரக்கணக்கான இடங்களைப் பார்த்தபோது, சோதனைக் குழாயில் மடியும் ஆர்என்ஏ பகுதிகளில் மிகப் பெரும்பாலானவை உயிரணுவுக்குள் அவிழ்ந்தே கிடந்தன. பாக்டீரியாக்களிலோ அத்தகைய வரிசைகளே அரிதாக இருக்கின்றன. ஈ.கோலையில் வலிந்து புகுத்தியபோது அவை மடிந்தன, உயிரணுவின் வளர்ச்சியும் குன்றியது.

டிஎச்எக்ஸ்36, எஃப்ஏஎன்சிஜே, பிஃப்1 என்று நான்கிழையை அவிழ்ப்பதற்கென்றே ஹெலிகேஸ் நொதிகள் இருப்பதைச் சிலர் "பார்த்தீர்களா, இவற்றுக்குப் பணி இருக்கிறது" என்று சான்றாகக் காட்டுகிறார்கள். எனக்கு அது எதிர்ச்சான்றாகவே படுகிறது. ஒரு வீட்டில் எலிப்பொறிகள் பல இருந்தால் அங்கே எலித் தொல்லை இருக்கிறது என்றுதான் முடிவுக்கு வர முடியும், எலிகளுக்கு அந்த வீட்டில் வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று அல்ல.

நெய்தல் எழுதியது:

பாக்டீரியாக்களில் இவை அரிது என்று உப்பளம் அவர்கள் சொன்னதால், என் துறையிலிருந்து ஓர் எதிர் எடுத்துக்காட்டைத் தருகிறேன். இந்த விவாதத்தின் கேள்விக்கு இதைவிடத் தூய்மையான சான்றை நான் பார்த்ததில்லை.

வெட்டை நோயை உண்டாக்கும் நைசீரியா கொனோரியே தன் மேற்பரப்பில் உள்ள பைலஸ் இழைகளின் புரதத்தை ஓயாமல் மாற்றிக்கொள்கிறது. அந்தப் புரதத்துக்கான மரபணு பைல்-ஈ. அதற்கு அப்பால் குரோமோசோமில் செயல்படாத பாதிப் பிரதிகள் பல இருக்கின்றன. அவற்றிலிருந்து துண்டுகள் பைல்-ஈ மரபணுவுக்குள் நகலாகி வந்து சேர, நோய் எதிர்ப்பு மண்டலம் அடையாளம் கண்டுகொள்வதற்குள் முகமே மாறிவிடுகிறது. ஒருமுறை இந்நோய் வந்தவருக்கே மீண்டும் மீண்டும் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இந்த மாற்றத்துக்குத் தேவையான பகுதிகளைத் தேடிய கஹூன், சைஃபெர்ட் ஆகிய இருவரும் 2009-இல் பைல்-ஈயின் முன்புறத்தில் வெறும் 16 காரங்கள் கொண்ட ஒரு வரிசையை அடையாளம் கண்டனர். மூன்று குவானின், ஒரு தைமின், மூன்று குவானின், இரண்டு தைமின், மூன்று குவானின், ஒரு தைமின், மூன்று குவானின் என்பது அதன் அமைப்பு.

அதன் பிறகு அவர்கள் செய்ததுதான் முக்கியம். காரங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்கள். சதுரங்களில் இடம்பெறும் குவானின் ஒன்றை மாற்றினாலே உருமாற்றம் நின்றது. இடையில் உள்ள தைமினை மாற்றினால் ஒன்றும் ஆகவில்லை. நான்கிழையைப் பற்றும் என்எம்எம் என்ற போர்ஃபைரின் சேர்மத்தை ஊட்டி வளர்த்தபோது உருமாற்றம் குறைந்தது. எழுத்து வரிசையைப் படிக்கும் புரதம் ஒன்று இருந்திருந்தால் தைமின்களும் அதற்குப் பொருட்டாக இருந்திருக்கும். 2013-இல் அவர்களே மற்றொன்றையும் காட்டினர். அந்த வரிசைக்கு அருகிலிருந்து ஒரு சிறு ஆர்என்ஏ படியெடுக்கப்பட்டால்தான் உருமாற்றம் நடக்கிறது. படியெடுத்தல் இரட்டைச் சுருளைத் திறக்கிறது, திறந்த இழை மடிகிறது என்பதே இதற்கு இயல்பான விளக்கம்.

இன்னொரு செய்தியையும் மறைக்கக் கூடாது. அந்த இடத்தில் வேறு நான்கிழை வரிசைகளை வைத்துப் பார்த்தபோது உருமாற்றம் திரும்பவில்லை. எனவே நான்கிழை என்ற பொது வடிவம் போதாது, அந்தக் குறிப்பிட்ட மடிப்புமுறை தேவைப்படுகிறது.

பொருநை எழுதியது:

நெய்தல் அவர்களின் எடுத்துக்காட்டு அப்படியே வகுப்புக்குப் போகிறது. மனித உயிரணுவில் இதற்கு நிகரான சான்று உண்டா?

செங்காந்தள் எழுதியது:

நோயெதிர்ப்பியலில் உண்டு. ஆனால் அது நான்கிழையில் இல்லை, பல ஆண்டுகள் வேடிக்கைப் பொருளாகவே கருதப்பட்ட இசட்-வடிவத்தில் இருக்கிறது.

1972-இல் போல், ஜோவின் ஆகியோர் குவானினும் சைட்டோசினும் மாறி மாறி வரும் டிஎன்ஏவை அடர் உப்புக் கரைசலில் இட்டபோது அதன் ஒளிச்சுழற்சி நிறமாலை தலைகீழானது. 1979-இல் ஆண்ட்ரூ வாங், அலெக்சாண்டர் ரிச் குழுவினர் ஆறு இணைகள் கொண்ட அத்தகைய டிஎன்ஏவின் படிகத்தை ஆராய்ந்தபோது, சுருள் இடப்பக்கமாகச் சுழல்வதும், முதுகெலும்புச் சங்கிலி கோணல்மாணலாக வளைந்து செல்வதும், ஒரு சுற்றுக்கு 12 இணைகள் இருப்பதும் தெரிந்தன. அணு அளவுத் துல்லியத்தில் முதன்முதலாகக் காணக்கிடைத்த டிஎன்ஏ சுருள்களுள் ஒன்று இப்படித் தலைகீழாக இருந்தது விந்தைதான். ஆனால் உயிரணுவில் அவ்வளவு உப்பு ஏது என்ற கேள்வி உடனே எழுந்தது. படியெடுக்கும் நொதி நகரும்போது அதன் பின்னால் டிஎன்ஏவின் முறுக்கு தளர்கிறது, அந்தத் தளர்வே இசட்-வடிவத்துக்கு வேண்டிய ஆற்றலைத் தர முடியும் என்று 1987-க்குப் பிறகு விளக்கம் கிடைத்தும், அதற்கு என்ன வேலை என்பதை யாராலும் சொல்ல முடியவில்லை. ரிச் ஆய்வகம் மட்டும் பிடிவாதமாக, இந்த வடிவத்தை அடையாளம் காணும் புரதம் இருக்க வேண்டும் என்று தேடியது.

1990-களில் ஆலன் ஹெர்பர்ட்டும் ரிச்சும் அடார்1 என்ற நொதியில் இசட்-ஆல்ஃபா என்ற பகுதியைக் கண்டெடுத்தனர். இசட்-டிஎன்ஏவோடு அது பிணைந்திருக்கும் படிக அமைப்பு 1999-இல் வெளியானது. காரங்களின் எழுத்தை அது படிப்பதில்லை, கோணல்மாணலான முதுகெலும்பின் வடிவத்தையே படிக்கிறது. இசட்-வடிவ ஆர்என்ஏவையும் அதே போலப் பற்றும். மனிதரில் இத்தகைய பகுதி உள்ள புரதங்கள் இரண்டுதான், அடார்1, இசட்பிபி1. முன்னது, இரட்டை இழை ஆர்என்ஏவில் உள்ள அடினோசினை ஐனோசினாக மாற்றி, "இது நம் ஆர்என்ஏ, வைரஸ் அல்ல" என்று நோயெதிர்ப்பு மண்டலத்தை அமைதிப்படுத்துகிறது. பின்னது அதற்கு நேர்மாறு. இசட்-வடிவத்தைக் கண்டதும் உயிரணுவைத் தற்கொலைக்கு அனுப்புகிறது. இன்ஃப்ளூயன்சா வைரஸ் தொற்றிய உயிரணுக்களில் வைரஸின் இசட்-ஆர்என்ஏ உருவாவதையும், இசட்பிபி1 அதை உணர்ந்து நெக்ரோப்டோசிஸ் என்ற சாவைத் தூண்டுவதையும் 2020-இல் காட்டினார்கள்.

இனிச் சான்றுக்கு வருகிறேன். அய்கார்டி-கூட்டியெர் நோய் பச்சிளம் குழந்தைகளின் மூளையைத் தாக்கும் பரம்பரை நோய். தொற்று எதுவும் இல்லாதபோதே, வைரஸ் வந்துவிட்டது போல உடல் இன்டர்ஃபெரான் என்ற வைரஸ் எதிர்ப்புப் புரதத்தைக் கொட்டிக்கொண்டிருக்கும். 2012-இல் இந்நோய்க்கான காரண மரபணுக்களுள் ஒன்று அடார்1 என்று தெரிந்தது. அதில் ஒரு சடுதி மாற்றம் 193-ஆம் இடத்தில் புரோலினுக்குப் பதிலாக அலனைனை வைக்கிறது. 1999-ஆம் ஆண்டுப் படிக அமைப்பில் இசட்-வடிவத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் அதே புரோலின்தான் அது. ஒரு பிரதியில் இந்த மாற்றமும் மறு பிரதியில் நொதியையே கெடுக்கும் வேறு மாற்றமும் சேர்ந்தால் குழந்தைக்கு நோய் வருகிறது. 2022-இல் வெளிவந்த எலி ஆய்வுகள், அடார்1-இன் இசட்-ஆல்ஃபா கெட்ட எலிகளின் நோயில் கணிசமான பகுதி இசட்பிபி1-ஐ நீக்கினால் தணிவதைக் காட்டின. ஒரே வடிவத்தைப் படிக்கும் இரு புரதங்கள், ஒன்று பிரேக், மற்றது ஆக்சிலரேட்டர் என்று இருப்பதை வெறும் தற்செயல் என்று என்னால் தள்ள முடியவில்லை.

வைரஸ்களும் இதை அறிந்திருக்கின்றன. வாக்சினியா வைரஸின் இ3 புரதத்தில் இசட்-ஆல்ஃபா போன்ற ஒரு பகுதி இருக்கிறது. 2003-இல் அதை வெட்டிவிட்டு அடார்1-இன் இசட்-ஆல்ஃபாவை அங்கே பொருத்தினார்கள். வைரஸ் எலிகளைக் கொல்லும் திறனை இழக்கவில்லை. இசட்-வடிவத்தைப் பற்ற இயலாதவாறு மாற்றியபோதுதான் அந்தத் திறன் போனது.

உப்பளம் எழுதியது:

செங்காந்தள் அவர்களின் சான்றுச் சங்கிலியை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அதில் பெரும்பங்கு ஆர்என்ஏவுடையது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆர்என்ஏ ஒற்றை இழையாகப் பிறப்பதால், அது மடிவதில் வியப்பே இல்லை. டிஎன்ஏ தன் இணை இழையை விட்டுப் பிரிந்து மடிய வேண்டும். அங்கே மனிதரில் என்ன சான்று இருக்கிறது என்பதே என் கேள்வி.

மரபுக்கோடு எழுதியது:

நான் மரபியல் மருத்துவம் பார்ப்பவன். உப்பளம் அவர்கள் கேட்கும் டிஎன்ஏ சான்று எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கே வந்து அமர்கிறது. ஆனால் அது "பணி" என்ற தலைப்பில் வராது, "கேடு" என்ற தலைப்பில்தான் வரும்.

பரம்பரை மூளை நோயான ஹன்டிங்டன் நோயில் சிஏஜி என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வருகிறது. 40 முறையோ அதற்கு மேலோ வந்தால் நோய் உறுதி. சிஏஜி, சிஏஏ ஆகிய இரண்டுமே குளூட்டமின் என்ற ஒரே அமினோ அமிலத்துக்கான குறியீடுகள். பெரும்பாலோரிடம் சிஏஜி வரிசையின் கடைசிக்கு முன்னால் ஒரு சிஏஏ இடையிட்டிருக்கும். 2019-இல் வெளியான ஆய்வுகள், அந்த இடையீடு இல்லாதவர்களுக்கு நோய் முன்னதாகவும், கூடுதல் இடையீடு உள்ளவர்களுக்குப் பிந்தியும் தொடங்குவதைக் காட்டின. அவர்களுடைய புரதத்தில் உள்ள குளூட்டமின்களின் எண்ணிக்கை ஒன்றேயானாலும் இந்த வேறுபாடு நீடித்தது. அப்படியானால் நோயின் கடிகாரம் ஓடுவது புரதத்தில் இல்லை, டிஎன்ஏவில். இடையீடற்ற சிஏஜி வரிசை இழை வழுக்கிக் கொண்டை ஊசி வடிவில் எளிதாக மடிகிறது. எம்எஸ்எச்2-எம்எஸ்எச்3 என்ற பழுதுநீக்கும் புரதச் சோடி அந்த மடிப்பைச் சரிசெய்யப் போய், வரிசையை மேலும் நீட்டிவிடுகிறது. எம்எஸ்எச்3 இல்லாத எலிகளில் உடல் உயிரணுக்களில் நிகழும் இந்த நீட்சி நின்றுவிடுகிறது.

நடையைத் தள்ளாட வைக்கும் பரம்பரை நரம்பு நோயான ஃப்ரீட்ரைக் அட்டாக்சியா இன்னொரு வகை. 1996-இல் கண்டறியப்பட்டபடி, ஃப்ராடாக்சின் மரபணுவின் முதல் இன்ட்ரானில் ஜிஏஏ வரிசை நூற்றுக்கணக்கில், சிலரில் ஆயிரத்துக்கும் மேலாக நீள்கிறது. இன்ட்ரான் என்பது புரதம் உருவாகுமுன் வெட்டி நீக்கப்படும் பகுதி என்பதால் புரதத்தின் அமைப்பில் ஓர் எழுத்துகூட மாறுவதில்லை. புரதத்தின் அளவு மட்டுமே வீழ்கிறது. மூன்றிழை அமைப்பும் ஆர்-லூப்பும் படியெடுத்தலைத் தடுப்பதும், அதைத் தொடர்ந்து அந்தப் பகுதி குரோமாட்டினால் மூடப்படுவதும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. சோதனைக் குழாயில் ஜிஏஏ மூன்றிழையாக மடிவது உறுதி. நோயாளியின் நரம்பணுவில் மூன்றிழைக்கு எவ்வளவு பங்கு, குரோமாட்டினுக்கு எவ்வளவு பங்கு என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது.

சிலுவை வடிவத்துக்கு 11, 22-ஆம் குரோமோசோம்களின் இடமாற்றம் நல்ல எடுத்துக்காட்டு. இரண்டிலும் அடினின், தைமின் மிகுந்த, முன்னும் பின்னும் ஒன்றாகவே படிக்கத்தக்க நீண்ட வரிசைகள் உண்டு. நலமான ஆண்களின் விந்தணுக்களிலேயே இந்த இடமாற்றம் புதிதாகத் தோன்றுகிறது. 2006-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், அந்த வரிசை முழுச் சமச்சீராக உள்ள ஆண்களில் இது அதிகமாகவும், சமச்சீர் குலைந்தவர்களில் குறைவாகவும் நிகழ்வதைக் காட்டினர். சமச்சீர் குலைந்தால் சிலுவை வடிவம் சரியாக நீளாது.

ஏரிக்கரை எழுதியது:

ஆர்என்ஏ மடிவதில் வியப்பில்லை என்று உப்பளம் அவர்கள் எளிதாகக் கடந்துபோனதால் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். சிறு மூலக்கூறு பற்றியதும் மடிப்பை மாற்றி மரபணுவைக் கட்டுப்படுத்தும் ஆர்என்ஏ பகுதியான ரைபோஸ்விட்ச் பற்றி 2002-க்குப் பிறகு யாருக்கும் ஐயமில்லை என்பதால் அதை விட்டுவிடுகிறேன். டெங்கு, ஜிக்கா போன்ற ஃப்ளேவி வைரஸ்களின் ஆர்என்ஏ முனையில் உள்ள அமைப்பு அப்படியன்று. அதைப் பார்த்தபோது எனக்கே நம்ப முடியவில்லை.

எக்ஸ்ஆர்என்1 என்ற நம் உயிரணு நொதி, ஆர்என்ஏவை 5' முனையிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகத் தின்றுகொண்டே போகும். மடிப்புகளை அவிழ்த்துச் செல்வதில் அது கெட்டிக்காரன். ஆனால் வைரஸ் ஆர்என்ஏவின் கடைசிப் பகுதியை அடைந்ததும் நின்றுவிடுகிறது. மிஞ்சிய துண்டு உயிரணுவில் குவிந்து, நோயெதிர்ப்பைக் குலைக்கிறது. 2014-இல் கீஃப்ட் குழு வெளியிட்ட படிக அமைப்பு காரணத்தைச் சொன்னது. ஆர்என்ஏ தன்னைத்தானே ஒரு வளையமாகச் சுற்றிக்கொள்கிறது, 5' பக்கத்து இழை அந்த வளையத்தின் நடுவே நுழைந்து வெளிவருகிறது. நொதி 5' பக்கத்திலிருந்து வந்து இழுக்க இழுக்க வளையம் அதன் மேல் முட்டிக்கொள்கிறது. வைரஸின் சொந்த நகலெடுக்கும் நொதியோ எதிர்த் திசையிலிருந்து, 3' பக்கமாக வருவதால் அதே வளையத்தை எளிதில் அவிழ்த்துக் கடந்துவிடுகிறது. வளையத்தைத் தாங்கும் சந்திப்பில் ஒரே ஒரு சைட்டோசினை மாற்றினால் தடை போய்விடுகிறது.

கொரோனா வைரஸ்களில் உள்ள போலி முடிச்சும் (ஆர்என்ஏவின் ஒரு வளையம் வளையத்துக்கு வெளியே உள்ள பகுதியோடு இணைந்து முடிச்சு போல் தோன்றும் மடிப்பு) இவ்வரிசையில் வரும். ரைபோசோம் அதில் முட்டித் தயங்கி, யுயுயு-ஏஏஏ-சி என்ற வழுக்கும் வரிசையில் ஓரெழுத்து பின்னால் சறுக்குகிறது. அந்தச் சறுக்கல் இல்லையென்றால் வைரஸின் நகலெடுக்கும் நொதியே உருவாகாது. "விந்தை வடிவம்" என்று நாம் அழைப்பது இங்கே வைரஸின் உயிர்நாடி.

பொருநை எழுதியது:

புற்றுநோய் மருந்துகளைப் பற்றி மாணவர்கள் நிச்சயம் கேட்பார்கள். புற்றுநோயைத் தூண்டும் மிக் மரபணுவின் நான்கிழையை மருந்தால் பிடித்து நிறுத்திவிடலாம் என்று பல கட்டுரைகள் சொல்கின்றனவே?

கார்முகில் எழுதியது:

அந்தக் கதை 2002-இல் ஹர்லி குழுவிடம் தொடங்குகிறது. மிக் புரோமோட்டரில் நான்கிழையாக மடியும் வரிசை ஒன்று உண்டு, அதைக் குலைத்தால் படியெடுத்தல் கூடுகிறது, நிலைப்படுத்தும் சேர்மத்தைச் சேர்த்தால் குறைகிறது என்று கண்டு, நான்கிழை மரபணுவை அணைக்கும் சுவிட்ச் என்ற முடிவுக்கு வந்தார்கள். அதன் அடிப்படையில் எண்ணற்ற சேர்மங்கள் செய்யப்பட்டன. ஆனால் நான்கிழையைப் பற்றும் தட்டையான மூலக்கூறுகள் வேறு பலவற்றையும் பற்றும். டிஎன்ஏவைப் பழுதுநீக்கும் பிஆர்சிஏ மரபணுக்களில் குறைபாடுள்ள புற்றுநோய்களில் மனிதரிடம் சோதிக்கப்பட்ட சிஎக்ஸ்-5461 இதற்கு நல்ல பாடம். அது உயிரணுவைக் கொல்வது பெரும்பாலும் டோபோஐசோமரேஸ்-2 நொதியை முடக்குவதன் மூலம் என்று பின்வந்த ஆய்வுகள் வாதிட்டன. மருந்தை ஊற்றினோம், மரபணு அடங்கியது, ஆகவே நான்கிழைதான் காரணம் என்ற வாதத்தை மாணவர்கள் ஏற்கவே கூடாது.

2024-இல் பாலசுப்பிரமணியன் குழு மருந்தை விட்டுவிட்டு மரபணுவையே திருத்தியது. உயிரணுவின் சொந்தக் குரோமோசோமில் உள்ள மிக் நான்கிழை வரிசையை மடிய இயலாதவாறு மாற்றினார்கள். படியெடுத்தல் கூடவில்லை, குறைந்தது. பின்னர் அதே இடத்தில் கேராஸ் மரபணுவின் நான்கிழை வரிசையை வைத்தார்கள். எழுத்து வேறு, வடிவ வகை ஒன்று. படியெடுத்தல் மீண்டது. ஆக, இந்த நான்கிழை மரபணுவைத் தூண்டுவது, அணைப்பது அல்ல என்ற, பழைய கதைக்கு நேரெதிரான முடிவு கிடைத்தது. உப்பளம் அவர்கள் மனிதரில் கேட்ட டிஎன்ஏ சான்றுக்கு இன்று நான் காட்டக்கூடியவற்றுள் மிக வலுவானது இதுவே. பைல்-ஈயில் வேறு நான்கிழை ஒத்துக்கொள்ளவில்லை, மிக் புரோமோட்டரில் ஒத்துக்கொண்டது என்ற வேறுபாட்டையும் வகுப்பில் வைத்து விவாதிக்கலாம்.

உப்பளம் எழுதியது:

எழுத்தை மாற்றி வடிவத்தைக் காத்து, செயல் மீள்கிறதா என்று பார்ப்பதுதான் உரிய சோதனை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் டிஎன்ஏவில் அந்தச் சோதனைக்கு ஓர் உள்ளார்ந்த சிக்கல் உண்டு. ஓர் இழையில் குவானின்களைக் கலைத்தால், எதிர் இழையின் சைட்டோசின்களும் கூடவே கலைகின்றன. அந்தச் சைட்டோசின் தொடர்களை நம்பி அமரும் புரதங்களும் அங்கே உண்டு. கேராஸ் வரிசையைக் கொண்டுவந்து வைத்தபோது, அதற்கு எதிரே சைட்டோசின் மிகுந்த ஓர் இழையும் கூடவே வந்துவிட்டது. செயலை மீட்டது நான்கிழையா, எதிர் இழையா?

கார்முகில் எழுதியது:

நியாயமான கேள்வி. ஒரு வேதியியல் வழி இருக்கிறது. 7-டீஅசாகுவானின் என்ற மாற்றுக் காரத்தில் 7-ஆம் நைட்ரஜனுக்குப் பதிலாகக் கார்பன் இருக்கும். சைட்டோசினோடு வாட்சன்-கிரிக் முறையில் அது வழக்கம்போல இணையும், ஹூக்ஸ்டீன் பிணைப்பு மட்டும் அமையாது. குவானின் மிகுந்த வரிசைகளைப் பெருக்குவதற்கு ஆய்வகங்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் பொருள்தான் இது. குவானின் இழையில் மட்டும் இதை வைத்து டிஎன்ஏவைச் செயற்கையாகக் கட்டினால், எதிர் இழையின் ஒரு சைட்டோசினைக்கூடத் தொடாமல் நான்கிழையை மட்டும் நீக்கிவிடலாம். சோதனைக் குழாயிலும், உயிரணுச் சாற்றிலும், உயிரணுவுக்குள் செலுத்தும் பிளாஸ்மிடிலும் இது இயலும். குரோமோசோமில் செய்வதுதான் கடினம். ஒருவேளை நுழைத்துவிட்டாலும், உயிரணு ஒருமுறை இரட்டிக்கும்போது புதிய இழையில் சாதாரணக் குவானினே வந்து சேரும், பழைய இழை இரு மகவு உயிரணுக்களில் ஒன்றுக்கு மட்டுமே போகும். எனவே முதல் இரட்டிப்புக்கு முன்பே படியெடுத்தலை அளந்தாக வேண்டும்.